நாலு கத்தியும் ஒரு குறடும்

ஏப்ரலில் ஏரியின் பனி உடைகிற சத்தம்
கடைக்குள் வரை கேட்கும்.
அப்படி ஒரு காலையில் வந்தான் கோல்பி.
"ஜூனில் எனக்குக் கல்யாணம். மாப்பிள்ளைத் தோழர்கள் ஐந்து பேர்.
ஆளுக்கொரு மடக்குக் கத்தி" என்றான்,
கால் கிலோ ஆணி கேட்கிற குரலில்.

டுலூத் துறைமுகச் சாலையில்
இருபத்தாறு வருடமாக இரும்புக் கடை என்னுடையது.
கண்ணாடி அலமாரியின் சாவி கழுத்தில் தொங்குகிறது.
ஐந்தும் ஒரே மாதிரி எடுத்தால்
பத்து சதவீதம் தள்ளுபடி என்றேன்.

அவன் தள்ளுபடியைக் காதில் வாங்கவில்லை.
ஆட்களை ஒவ்வொருவராக
என் மேசைமேல் எடுத்து வைத்தான்.

பிரெனனுக்கு வலது கையில் மூன்றே விரல்;
மற்ற இரண்டையும் தாதுக் கப்பலின் சங்கிலி வாங்கிக்கொண்டது.
கட்டைவிரல் பட்டால் திறக்க வேண்டும்.
ட்ரிக்வி இடதுகைக்காரன்,
உலகத்துக் கத்தரிக்கோல்கள் எல்லாவற்றோடும் அவனுக்குப் பகை.
நோவாக் விமானத்தில் வருகிறான், கைப்பை மட்டும்.
திரும்பும்போது சோதனையில் பிடுங்கிக்கொள்வார்கள்,
அதனால் தபால் பெட்டியும் சேர்த்து.
ஹெல்மருக்கு எதுவானாலும் சரி;
ஒரு மாதத்தில் ஏரியில் போட்டுவிடுவான்,
விலை குறைந்ததாகப் பாருங்கள்.

நாலு.

ஐந்தாவது ஆளிடம் வந்ததும்
கண்ணாடிமேல் விரலை அழுத்திக்கொண்டு நின்றான்.
"தம்பி. ஸோரன்.
நன்னடத்தைக் கண்காணிப்பில் இருக்கிறான்.
இன்னும் பதினோரு மாதம்.
கூரான எதுவும் கையில் இருக்கக் கூடாதாம்."
என்ன செய்தான் என்று நான் கேட்கவில்லை.
இந்தத் தெருவில் யாருக்குத்தான் தெரியாது.

அலகில்லாத கருவி ஒன்று இருந்தது:
குறடு, மூன்று திருப்புளி, புட்டித் திறப்பான்.
மடக்கினால் உள்ளங்கையில் அடங்கும்.
"நோவாக்குக்கும் இதையே கொடேன்,
தபால் செலவும் மிச்சம், தம்பியும் தனியாகத் தெரியமாட்டான்."
"நோவாக்குக்குக் கத்தி என்றால் உயிர்" என்றான்,
மணியைப் பார்த்தபடி.
அதற்குமேல் சொல்ல நான் யார்?
பெயர்களைப் பொறித்தேன்.
ஐந்திலும் ஒரே எழுத்து, ஒரே ஆழம்.

கத்தியைப் பரிசாகக் கொடுத்தால்
நட்பு அறுந்துபோகும் என்பார்கள் எங்கள் பக்கம்.
அதனால் பெட்டியின் மூடிக்குள் ஒரு பென்னி ஒட்டித் தருவேன்.
வாங்குகிறவன் பிய்த்துத் திருப்பிக் கொடுத்தால்
அது பரிசில்லை, வியாபாரம்.
வியாபாரத்தில் அறுந்துபோக என்ன இருக்கிறது?
நாலு பெட்டியில் நாலு பென்னி.
குறட்டுக்கு ஒட்டவில்லை.
வெட்டாத பொருளுக்கு எதற்கு என்று விட்டுவிட்டேன்.

ஜூன் கடைசியில் ஸோரன் வந்தான்.
கல்யாணத்தில் கூடாரக் கம்பி கழன்றபோது
அவன் குறடுதான் முறுக்கியதாம்;
பெண்ணின் செருப்பு வாரை நிமிர்த்தியதும்,
பியர் புட்டி அத்தனையும் திறந்ததும் அதுதானாம்.
சொல்லிவிட்டுச் சும்மா நின்றான்.
பிறகு,
"நாலு பேரும் வரிசையாக அண்ணனிடம் காசு கொடுத்தார்கள்.
அவன் அதைச் சட்டைப்பையில் போட்டுக் குலுக்கினான்.
ஒரே சிரிப்பு.
நான் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றேன்."

எனக்குத் தொண்டை வரை வந்தது,
அந்தப் பென்னியை மறந்தது நான் என்று.
வாய் வரவில்லை.

"பிரெனனுடையது என்ன விலை?"
"அறுபத்தெட்டு டாலர்."
ஒரு பென்னியை மேசையில் வைத்து
என் பக்கம் தள்ளினான்.
"மிச்சம் மார்ச்சில்."

அந்தக் கத்தியை எடுத்துக் காகிதம் சுற்றி
மேசைக்கடியில் வைத்தேன்.
பெயர் பொறிக்கவா என்றதற்கு
"அப்புறம்" என்று போய்விட்டான்.

அந்தக் காசை நான் கணக்கில் ஏற்றவில்லை.
ஒவ்வொரு ராத்திரியும் கல்லா எண்ணும்போது
ஒரு சென்ட் கூடுதலாக வருகிறது.